ஓகஸ்ட் விடுமுறையில் கெந்திங் மலை: முழங்கால் நோவுள்ள அம்மாவோடும் சிறு பிள்ளையோடும் செல்வதற்கான திட்டத்தில் உதவி தேவை

கேள்வி (கொக்குவிலிலிருந்து)

வணக்கம். பாடசாலைகளின் இரண்டாம் தவணை விடுமுறையில் குடும்பமாக மலேசியாவுக்குச் சென்று, கெந்திங் மலையிலுள்ள பொழுதுபோக்கு நகரில் தங்கி வர எண்ணியிருக்கிறோம். நானும் கணவரும், பத்தாம் தரத்தில் படிக்கும் மகளும், ஆறு வயது மகனும், எழுபது வயதைக் கடந்த என் அம்மாவும் செல்வதாக இருக்கிறோம். பலாலியிலிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து நேராக மலை, திரும்பும் நாள்வரை மலையிலேயே தங்குதல் என்று கணவர் ஒரு திட்டம் எழுதி வைத்திருக்கிறார். தாளில் பார்க்கும்போது அது நேர்த்தியாகவே தெரிகிறது. ஆனால் ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்க்கையில் அது எங்கோ இடறுகிறது.

அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் நோவு உண்டு. சமதரையில் மெல்ல நடப்பார், படி ஏறுவது கடினம். மச்சம் தொடாதவர். நல்லூர்த் தேருக்கும் தீர்த்தத்துக்கும் ஊரில் நிற்கவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார், அதை மாற்றச் சொல்ல எனக்கும் மனமில்லை. மகளுக்கு வளைவுப் பாதையில் தலைசுற்றும். நுவரெலியாவுக்குப் போன பயணத்தில் மிகவும் துன்பப்பட்டாள். மகனின் கடவுச்சீட்டு டிசெம்பரில் காலாவதியாகிறது. நாங்கள் ஓகஸ்டிலேயே திரும்பிவிடுவோம் என்பதால் அது ஒரு தடையாகுமா என்பது தெரியவில்லை. இவற்றோடு, கெந்திங் ஒரு சூதாட்ட நகரம், அங்கே பிள்ளைகளைக் கொண்டுபோவது முறையன்று என்று மாமா வருந்துகிறார். அவருடைய கவலையையும் தட்டிவிட விரும்பவில்லை.

இந்தத் திட்டத்தில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றவேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (திருநெல்வேலியிலிருந்து)

வணக்கம் அக்கா. விமானம், விடுதி பற்றியெல்லாம் யோசிப்பதற்கு முன்னர் மகனின் கடவுச்சீட்டைப் புதுப்பியுங்கள். மலேசியாவுக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்கள் கடவுச்சீட்டு செல்லுபடியாக இருக்கவேண்டும் என்பது விதி. நீங்கள் எப்போது திரும்புகிறீர்கள் என்பதை அவர்கள் கணக்கிலெடுப்பதில்லை. டிசெம்பரில் முடியும் கடவுச்சீட்டோடு ஓகஸ்டில் சென்றால் விமான நிலையத்திலேயே விமான நிறுவனத்தார் மறித்துவிடுவார்கள். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நம் நாட்டில் மூன்று ஆண்டுக்கான கடவுச்சீட்டே வழங்கப்படுகிறது என்பதால், மகளுடையதையும் எடுத்துத் திகதியைப் பாருங்கள். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டபின் இந்த வேலைக்காக வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ போகவேண்டிய அலைச்சல் இல்லை.

விசாவுக்கு விண்ணப்பிப்பது புதிய கடவுச்சீட்டு கைக்கு வந்த பின்னரே. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மலேசியா செல்ல விசா வேண்டும். அதை மலேசிய அரசின் இணையத்தளத்தில் மின்விசாவாகப் பெறலாம். பிள்ளைகள் உட்பட ஐந்து பேருக்கும் தனித்தனி விண்ணப்பம் இடவேண்டும். இதனோடு சேராத இன்னொரு படிவமும் உண்டு. 2024 சனவரி 1 முதல், போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் மின்வருகை அட்டையை நிரப்பவேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளித்து இதற்குப் பணம் கேட்கும் தளங்கள் இருப்பதால் முகவரியை நன்றாகக் கவனித்து உள்ளே செல்லுங்கள்.

பாதையைப் பற்றியும் சொல்லவேண்டும். 2025 மார்ச் 30 முதல் பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே விமானம் பறக்கிறது, திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும் வசதியாக விமானங்கள் உண்டு என்பதால், கணவர் அந்த வழியை எண்ணியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் பயணச்சீட்டுகளாக இருந்தால் திருச்சியில் குடிவரவைக் கடந்து பெட்டிகளை எடுத்து மறுபடி ஒப்படைக்கவேண்டும். அதற்கு ஐந்து பேருக்கும் இந்திய விசா வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானத்தார் பொறுப்பேற்கமாட்டார்கள். கட்டுநாயக்காவிலிருந்து நேரடி விமானத்தில் ஏறினால் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம்தான். முதியவரோடு செல்லும் உங்களுக்கு நான் அதையே வலியுறுத்துவேன். அம்மாவை இரவுப் பேருந்தில் இருத்தி, இறக்கி, அப்படியே விமானத்தில் ஏற்றாமல், முதல் நாளே புறப்பட்டு நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கிச் செல்லுங்கள். முழங்கால் நோவுக்கு நீண்ட நேரம் காலை மடக்கி இருப்பதைப்போலக் கெடுதலானது வேறில்லை.

மறுமொழி 2 (கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸிலிருந்து)

வணக்கம் தங்கச்சி. என் பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா இரயில்வேயில் வேலைக்கு வந்தவர். ஊரிலிருந்து வருபவர்களைப் பல ஆண்டுகளாக மலைக்குக் கூட்டிச் சென்று வருகிறேன். உங்கள் திட்டத்தில் உள்ள பெரிய இடர், இறங்கிய உடனே மலையேறுவதும் எல்லா இரவும் அங்கேயே தங்குவதும்தான். கொழும்பிலிருந்து வரும் விமானங்கள் பல இரவில் புறப்பட்டு அதிகாலையில் இங்கே இறங்குகின்றன. மலேசிய நேரம் உங்கள் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது என்பதால் உறக்கம் இன்னும் குறையும். விமான நிலையத்திலிருந்து மலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். அதையும் கடந்து போய்ச் சேர்ந்தால், விடுதி அறை பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். அங்குள்ள ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல் 7,351 அறைகளோடு உலகிலேயே அதிக அறைகள் கொண்ட விடுதியாகக் கின்னஸில் பதிவானது. அவ்வளவு பேர் வந்து போகும் கூடத்தில், உறங்காத பிள்ளையோடும் கால் நோகும் அம்மாவோடும் காத்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே முதலில் பிரிக்பீல்ட்ஸில் தங்குங்கள். விமான நிலையத்திலிருந்து நகரின் முதன்மை இரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு இரயில் அரை மணி நேரத்தில் வந்துவிடும், அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் மிக அருகில். தெருவுக்குத் தெரு மரக்கறிச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. ஸ்கொட் வீதியில் இருக்கும் கந்தசுவாமி கோயில் ஈழத்துச் சைவர்கள் எழுப்பியது. அங்கே அம்மாவுக்கு ஊரில் நிற்பதுபோலவே இருக்கும். மறுநாள் பத்துமலைக்குப் போங்கள். குகைக்கு 272 படிகள் ஏறவேண்டும் என்பதால் அம்மாவை மேலே கூட்டிச் செல்ல முயலவேண்டாம். 42.7 மீற்றர் உயர முருகன் சிலையும் அடிவாரத்துக் கோயில்களும் சமதரையிலேயே இருக்கின்றன. ஒருவர் அவரோடு கீழே நிற்க, மற்றவர்கள் ஏறி இறங்கலாம்.

அதன் பின்னர் மலைக்குச் சென்று இரண்டு இரவுகள் மட்டும் தங்குங்கள், அதுவும் வார நடுவில். வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை கோலாலம்பூர்க்காரரும் சிங்கப்பூர்க்காரரும் நிறைந்துவிடுவார்கள், அறை வாடகையும் ஏறிவிடும். ஓகஸ்ட் 31 எங்கள் சுதந்திர தினம் என்பதால் அதையொட்டிய நாட்களையும் தவிருங்கள்.

மலையில் ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்பதை வானிலையே தீர்மானிக்கும். உச்சி ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்தில், நுவரெலியாவுக்கு நிகராக இருக்கிறது. காலையில் தெளிந்த வானம் பிற்பகலில் மூடுபனியும் மழையுமாக மாறுவது அங்கே வழமை. வெளியிலுள்ள ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்கா 2022 பெப்ரவரியில் திறக்கப்பட்டது, ஒன்பது பகுதிகள் கொண்டது. அதற்குக் கதவு திறக்கும் நேரத்திலேயே போய்விட வேண்டும். இடி மின்னல் வந்தால் வெளி ஆட்டங்களை நிறுத்திவிடுவார்கள், எனவே பிற்பகலை உள்ளரங்கப் பூங்காவான ஸ்கைட்ரோபொலிஸுக்கு ஒதுக்குங்கள். மகனின் உயரத்தை வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் குறைந்தபட்ச உயரம் வைத்திருக்கிறார்கள். வரிசையில் நெடுநேரம் நின்ற பிள்ளையை வாசலில் திருப்பி அனுப்புவதைப் பார்க்கும்போது மனம் வெதும்பும். அம்மாவுக்குப் பூங்கா நுழைவுச்சீட்டு தேவையே இல்லை. ஸ்கைஅவெனியூ என்ற பெரிய கடைத்தொகுதியில் நுழைவுக் கட்டணமின்றி அமர்ந்திருக்கலாம், உள்ளே தளத்துக்குத் தளம் மின்தூக்கியும் உண்டு.

மலையில் மரக்கறிச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் பிரிக்பீல்ட்ஸைப்போல நினைத்த இடத்தில் கிடைக்காது. சீனக் கடைகளில் மரக்கறி என்று சொன்னாலும் முட்டையும் மீன் சாறும் சேர்த்ததா என்று கேட்டுத் தெளியுங்கள். ஊரிலிருந்து பயற்றம் பணியாரம், பருத்தித்துறை வடை போன்றவற்றைக் கொண்டுவந்தால் அம்மாவின் இரவு உணவுக்குப் பயன்படும். கருவாடு, இறைச்சி, விதை வகைகள் எதையும் பெட்டியில் வைக்கவேண்டாம், சுங்கத்தில் சிக்கல் வரும்.

மறுமொழி 3 (சாவகச்சேரியிலிருந்து)

மாமாவின் கவலைக்கும் மகளின் தலைசுற்றுக்கும் மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

மலேசியாவில் சட்டப்படி இயங்கும் ஒரே சூதாட்டக்கூடம் அங்கே இருப்பது உண்மைதான். லிம் கோ தொங் என்பவர் 1965இல் காட்டை வெட்டிப் பாதை போடத் தொடங்கி உருவாக்கிய நகரம் அது. ஆனால் அந்தக் கூடத்துக்குத் தனி வாசலும் காவலும் உண்டு. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியில்லை, முஸ்லிம்களுக்கும் அனுமதியில்லை. பூங்காக்கள், கேபிள் கார், கடைத்தொகுதி எதற்கும் அதன் உள்ளே போகவேண்டியதில்லை. என் தகப்பனாரோடு சென்றபோது நாங்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மாமாவிடம் இதை அப்படியே எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்டால், அது என்ன இடம், ஏன் நாம் அங்கே போவதில்லை என்று மறைக்காமல் விளக்குவது நல்லது என்பது என் எண்ணம்.

தலைசுற்றுக்குக் கேபிள் கார்தான் தீர்வு. மேலே செல்லும் வீதியின் கடைசிப் பகுதியில்தான் வளைவுகள் மிகவும் கடுமையானவை. கே.எல். சென்ட்ரலிலிருந்து பேருந்தில் மலையின் நடுவழியிலுள்ள அவானா வரை சென்று, அங்கே அவானா ஸ்கைவே என்ற அந்தக் கேபிள் காரில் ஏறினால் அந்தப் பகுதியை வானில் கடந்துவிடலாம். 2.8 கிலோமீற்றர் தூரம், பத்து நிமிடமளவில் மேலே சேர்த்துவிடும். இடையில் சின் சுவீ குகைக் கோயிலருகே ஒரு நிலையம் உண்டு. கோயில் அழகானதுதான், ஆனால் படிகளும் சரிவுகளும் அதிகம் என்பதால் அம்மா இறங்கவேண்டாம். கண்ணாடித் தரையுள்ள கூண்டுக்கு வேறு கட்டணம், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். முதியவருக்குச் சாதாரணக் கூண்டே போதும். நிலையத்தில் கூண்டு மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும்போதே ஏறவேண்டியிருப்பதால், முன்கூட்டியே பணியாளரிடம் அம்மாவின் நிலையைச் சொல்லுங்கள், கைகொடுத்து ஏற்றுவார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மறுமொழிகளைக் கணவரோடும் மாமாவோடும் அமர்ந்து வாசித்தோம். திருச்சி வழியைக் கைவிட்டு, கட்டுநாயக்காவிலிருந்து நேரடியாகச் செல்வதென்றும், பிரிக்பீல்ட்ஸில் தங்கி மலைக்கு இரண்டு இரவுகள் மட்டும் செல்வதென்றும் முடிவு செய்திருக்கிறோம். மாமா முழுமையாக உடன்படவில்லை என்றாலும், போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். மகனின் கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கான படங்களை எடுக்க நாளையே செல்கிறோம்.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. திரும்பி இறங்கும் நாளில் வானிலையால் கேபிள் கார் நின்றுவிட்டால் என்ன செய்வது? விடுமுறையின் எந்தப் பகுதியில் சென்றால் நல்லூர்த் திருவிழாவுக்கு இடையூறு வராது?

மறுமொழி 2 (பிரிக்பீல்ட்ஸிலிருந்து, மீண்டும்)

பலத்த காற்றிலும் மின்னலிலும் கேபிள் காரை நிறுத்துவது உண்டு, சில நாட்களில் பராமரிப்புக்காகவும் நிறுத்துவார்கள். அப்போது வீதி வழியாகத்தான் இறங்கவேண்டும். மகளை வாகனத்தின் முன் இருக்கையில் இருத்தி, சாரதியிடம் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், புறப்படுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னர் வைத்தியர் தந்த மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். இதைவிட முக்கியமானது, மலையிலிருந்து இறங்கும் நாளிலேயே விமானம் வைக்கக்கூடாது. கடைசி இரவும் பிரிக்பீல்ட்ஸிலேயே இருக்கட்டும்.

மறுமொழி 1 (திருநெல்வேலியிலிருந்து, மீண்டும்)

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாட்கள் நடப்பதாலும், கொடியேற்றம் ஆடி அமாவாசையைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாக வருவதாலும், முதலில் பஞ்சாங்கத்தில் தேர்த் திகதியைக் குறித்துக்கொண்டு, அதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னரே ஊர் திரும்பும் வகையில் பயணத்தை வையுங்கள். அம்மாவின் முழங்கால் ஆறவும் அவ்வளவு நாள் வேண்டும். விடுமுறை தொடங்கும் நாளும் தேரும் நெருங்கி வந்தால், தீர்த்தம் முடிந்தபின் விடுமுறையில் எத்தனை நாள் மிஞ்சுகிறது என்று பார்த்து அந்தப் பக்கம் தள்ளுங்கள். டிசெம்பருக்கு ஒத்திவைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆண்டிறுதிக் கூட்டத்தோடு மழையும் கூடுதலாக இருக்கும். திகதி முடிவானதும் விசாவுக்கு விண்ணப்பியுங்கள், விசா கிடைக்கும்வரை பணம் திருப்பித் தரப்படாத விடுதிப் பதிவு எதையும் செய்யவேண்டாம்.