முரசுமோட்டை வீடு: குசினிக்கு மூங்கில் நிலம்

சனிக்கிழமை

அண்ணா: எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொறன்ரோவில் இன்னும் வெள்ளி இரவு. அம்மாவின் குசினியை இந்த வருசம் மாரிக்கு முதல் திருத்திவிட வேண்டும். நிலத்துக்கு மூங்கில் பலகை போடலாம் என்று நினைக்கிறேன். ரைல்ஸ் வேண்டாம், வழுக்கும். மூங்கில் மரமே இல்லை, புல். வெட்டினால் அதே கிழங்கிலிருந்து திரும்ப முளைக்கும், ஐந்தாறு வருசத்தில் முற்றிவிடும். காடும் அழியாது.

அண்ணா: 📷 படம்

வவுனியா மாமி: வடிவாக இருக்கிறது மருமகன். யாருடைய வீடு?

அண்ணா: என் வீட்டு ஹோல்தான் மாமி. போட்டு நாலு வருசம், ஒரு கீறல் இல்லை.

சின்ன மாமா: உன் ஹோலில் யார் மா இடிக்கிறார்கள்?

வவுனியா மாமி: 😂😂

அம்மா (குரல் பதிவு): தம்பி, படம் பார்த்தேன். நல்ல மினுக்கமாகத்தான் இருக்கிறது. நான் கேட்கிறது இதுதான். அதற்கு மேலே உரல் வைக்கலாமா? திருவலையில் தேங்காய் திருவும்போது சிந்தும். மீன் கழுவினால் ஒரு வாளி தண்ணியை ஊற்றித் தும்புத்தடியால் பின்கதவுக்குத் தள்ளிவிடுவேன். இதெல்லாம் செய்யலாம் என்றால் போடு ராசா.

அண்ணா: உரலுக்குப் பயப்பட வேண்டாம் அம்மா. மூங்கிலை இழை இழையாகப் பிரித்துப் பசையில் தோய்த்து அழுத்திச் செய்கிற வகை இருக்கிறது. ஓக் மரத்தைவிட இரண்டு மடங்கு கடினம்.

தர்சன்: கடினம் வேறு, தண்ணீர் வேறு அத்தான். உரல் தாங்கும். வாளித் தண்ணியைத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

அண்ணா: அறிவியல் நகர் கம்பஸில் படிக்கிறவர் வந்துவிட்டார். சொல்லும் ஐயா.

தர்சன்: முதல் அந்த நிலத்தைச் சோதிக்க வேண்டும். பொலித்தீனும் செலோரேப்பும் போதும். நாளைக்கு வருகிறேன். மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.

நான்: தர்சனும் மாமியும் பின்பக்கத்தைச் சரியாகப் பார்த்ததில்லை, சொல்லிவிடுகிறேன். 2013இல் இந்திய வீட்டுத்திட்டத்து ஐந்தரை இலட்சம் கட்டம் கட்டமாக வந்தபோது கட்டிய வீடு. திட்டத்தில் இருந்த குசினி 9க்கு 8 அடி. அதற்குள் அம்மாவும் ஒரு பானையும்தான் நிற்கலாம். அதனால் அதை அறையாக்கிவிட்டு, பின்னால் 12க்கு 10 அடியில் சாய்ப்பாகப் பத்தி இறக்கினோம், அதுதான் இப்போதைய குசினி. காசு முடிந்துவிட்டதால் வீட்டு நிலத்தைவிட ஆறு அங்குலம் பள்ளமாகவே விட்டுவிட்டோம். கீழே வயல் களி. வெயிலுக்குப் பிளக்கும், மழைக்குப் பொங்கும். அடுப்படியிலிருந்து பின்கதவு வரை ஒரு வெடிப்பு, என் சின்ன விரல் உள்ளே போகும். கறையானுக்கு அதுதான் வாசல்.

சின்ன மாமா: 2018 மார்கழியையும் சொல்லு.

நான்: ஓம். இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்த நேரம் குசினிக்குள் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணி. நாலு நாள் நின்றது. உள் அறைக்கு ஏறவில்லை, படியோடு நின்றுவிட்டது.

அண்ணா: அது எப்போதாவது ஒரு முறை வருவதுதானே.

அம்மா (குரல் பதிவு): எப்போதாவது வந்தாலும் அள்ளி ஊற்றுகிறது நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை

தர்சன்: ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை குசினி நிலத்தில் விரித்து நாலு விளிம்பும் ரேப் ஒட்டியிருக்கிறேன். பதினாறு மணித்தியாலம் ஒருவரும் தொடக்கூடாது. மச்சாள், கோழியையும் சொல்லிவையுங்கள்.

வவுனியா மாமி: என் பிள்ளை அங்கே போய் ரேப் ஒட்டுகிறான். எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகி இரண்டு மாதம்.

திங்கட்கிழமை

நான்: 📷 படம்
விடிய எழும்பிப் பார்த்தேன். சோற்றுப்பானை மூடியைத் தூக்கினால் உள்ளே முத்து முத்தாக நிற்குமே, அப்படியே பொலித்தீனுக்குக் கீழே. ஒரு ஓரத்தில் ஓடிச் சேர்ந்து நிற்கிறது. இந்த ஆடிக் கச்சான் காற்றிலும் இப்படி.

அண்ணா: மழை பெய்து எத்தனை மாதம்! தண்ணி எங்கேயிருந்து வருகிறது?

சின்ன மாமா: பின்வேலிக்கு அங்கால் வாய்க்கால் ஓடுகிறது மருமகன், சிறுபோகம். களி அந்தத் தண்ணியை உறிஞ்சி மேலே தருகிறது. பத்தி இறக்கும்போது கொங்கிறீற்றுக்குக் கீழே பொலித்தீன் விரிக்கவில்லை. நான் அன்றைக்கே சொன்னேன். யார் கேட்டது?

நான்: மாமா, அன்றைக்கு மேசனோடு நின்றது நீங்கள்தான்.

சின்ன மாமா: 🙏

தர்சன்: அத்தான், இந்த நிலத்தில் மூங்கிலை ஒட்டினால் கீழ்ப்பக்கம் ஈரம் குடிக்கும், மேல்பக்கம் காற்றில் காயும். பலகை கிண்ணம் மாதிரி வளையும். இங்கே ஆடியில் உதடு வெடிக்கிற காய்ச்சல், கார்த்திகையில் உப்பு டப்பாவுக்குள் தண்ணி. வருசத்தில் இரண்டு முறை பலகை விரிந்து சுருங்கும்.

அண்ணா: மாதிரித் துண்டு ஒன்று கொழும்பிலிருந்து கூரியரில் வருகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பார்க்காமலே எல்லோரும் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

புதன்கிழமை

நான்: துண்டு வந்தது. ஒரு அடி நீளம், தடிப்பு 14 மில்லிமீற்றர், கோப்பி நிறம். கையில் இரும்பு மாதிரிப் பாரம். பேனாக்கத்தியால் கீறிப் பார்த்தேன், கோடுதான் விழுந்தது. அண்ணா சொன்னது பொய்யில்லை.

அண்ணா: 😎

தர்சன்: பெட்டியில் பசை பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா? ஈ-வன், ஈ-சீரோ என்று இருக்கும். பசையிலிருந்து போர்மல்டிகைட் எவ்வளவு வெளியேறும் என்பதற்கான தரம் அது. இயற்கைப் பொருள் என்று வாங்கிவிட்டு மட்டமான பசையை அம்மா சுவாசிக்கக் கூடாது.

நான்: துண்டில் ஒன்றும் இல்லை. கடைக்காரரிடம் போனில் கேட்டேன். “இது மூங்கில் தங்கச்சி, மருந்து இல்லை” என்றார்.

ஓடாவியார்: வணக்கம். மரவேலைக்கு என்று தங்கச்சி என்னையும் குழுவில் சேர்த்திருக்கிறா. எங்கள் பக்க மஞ்சள் மூங்கிலைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தலுக்கு நல்லது. பச்சையாக வெட்டி அப்படியே வீட்டுக்குள் வைத்தால் வண்டு விழும். காலையில் கீழே பார்த்தால் இடியப்ப மா கொட்டின மாதிரி இருக்கும். மூங்கிலுக்குள் இருக்கிற மாச்சத்துத்தான் வண்டுக்குச் சாப்பாடு. மூன்று வருசத்துக்கு மேற்பட்ட தடியாகப் பார்த்து வெட்டி, தண்ணியில் ஊறப்போட்டு, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்து ஏற்றினால் நிற்கும். பொறுமை வேண்டும்.

வவுனியா மாமி: மூங்கிலாறு என்று ஊரே இருக்கிறதே, அங்கே போய் வெட்டி வந்தால் கப்பல் செலவும் மிச்சம்.

சின்ன மாமா: புலியங்குளத்தில் புலியும் பிடிக்கலாம்.

வெள்ளிக்கிழமை

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணா: அம்மா என்ன அனுப்பினா?

நான்: தன் காலைப் படம் எடுத்து அனுப்பிவிட்டா. விசயம் இதுதான். அம்மா புதன் இரவே அந்தத் துண்டைத் தண்ணி நிறைந்த தாம்பாளத்தில் போட்டு, மேலே அம்மிக்குழவியை வைத்துவிட்டா. எங்களுக்குச் சொல்லவில்லை. இன்று காலைதான் எடுத்தோம். நடுவில் ஒன்றும் இல்லை. விளிம்பு மட்டும் உதடு வீங்கின மாதிரித் தடித்திருக்கிறது. அளந்தேன், ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. மேசையில் வைத்தால் ஆடுகிறது.

அண்ணா: யாராவது நிலத்தை இரண்டு நாள் தண்ணியில் ஊறப்போடுவார்களா!

அம்மா (குரல் பதிவு): நான் பாதிதான் செய்தேன் தம்பி. அந்த வெள்ளத்துக்கு நாலு நாள்.

வவுனியா மாமி: மச்சாளுக்கு ஒரு டிப்ளோமா கொடுங்கள்.

சின்ன மாமா: சரி, நான் சொல்கிறதைக் கேளுங்கள். உடைந்த நிலத்தைக் கிண்டி எடுப்போம். அந்தக் கட்டிகளையே கீழே போட்டு, மேலே கிரவல் இட்டு இறுக்கி, வீட்டு நிலத்துக்குச் சரியாக ஆறு அங்குலம் உயர்த்துவோம். அதற்கு மேல் பொலித்தீன், கொங்கிறீற்று, கடைசியில் சிவப்புச் சீமெந்துப் பூச்சு. அம்மம்மா வீட்டில் இருந்ததே, தேங்காய்ப் பொச்சால் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி. சிவப்புத்தூள் சீமெந்து நிறையில் பத்து வீதத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் பொருக்காகக் கழரும். ஏழு நாள் சாக்கு நனைத்துப் போட வேண்டும். அந்த ஏழு நாளும் சமையல் வெளியில்.

அண்ணா: மாமா, உலகத்தில் வெளியேறுகிற கரியமில வாயுவில் எட்டு வீதம் அளவு சீமெந்தால் வருகிறது. நான் அதைத் தவிர்க்கத்தானே மூங்கிலைச் சொன்னேன்.

சின்ன மாமா: கொங்கிறீற்று எப்படியும் வேண்டும், உன் மூங்கிலும் அதற்கு மேலேதான் படுக்கும். பூச்சுக்கு நாலு பைதான் கூட. சீனாவில் செய்து கப்பலில் கொழும்பு வந்து, லொறியில் ஏ-நைன் வழியே பரந்தன் வந்து சேருகிற பெட்டிக்கும் ஒரு கணக்குப் போடு.

தர்சன்: இரண்டு பேரும் பாதி சரி. சிவப்பு நிலம் நாற்பது வருசம் நின்றால் அந்த நாலு பை பெரிய பாவம் இல்லை. ஐந்து வருசத்தில் கழற்றி எறிகிற பலகை எதில் செய்தாலும் குப்பைதான்.

அண்ணா: சரி. ஒரு உண்மையைச் சொல்கிறேன், ஒருவரும் பேசக்கூடாது. 132 சதுர அடிக்கு முழுக் காசும் கட்டிவிட்டேன். 120, அதோடு கழிவுக்குப் பத்து வீதம். கடை திருப்பி எடுக்காதாம். ஒரு நல்ல விசயம், பற்றுச்சீட்டில் ஈ-சீரோ என்று எழுதியிருக்கிறது.

வவுனியா மாமி: ஐயோ மருமகன்.

சின்ன மாமா: ஒருவரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

ஓடாவியார்: நேற்று அக்கா வீட்டுப் பின்னால் கிடக்கிற இரண்டு பனந்தீராந்தியையும் பார்த்தேன். மூத்த பனை, கருவரி நெருக்கமாக ஓடுகிறது. வெயிலிலும் மழையிலும் இத்தனை வருசம் கிடந்தும் கறையான் மேல்தோலைத்தான் நக்கியிருக்கிறது. இதை விட்டுவிட்டு எங்கே பலகை தேடுகிறீர்கள்?

நான்: அது அம்மம்மா வீட்டுக் கூரைத் தீராந்தி அண்ணை. சண்டை முடிந்து 2010இல் திரும்பி வந்தபோது கதவு இல்லை, யன்னல் இல்லை, ஒரு ஓடும் இல்லை. இது இரண்டும் மட்டும் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது.

ஓடாவியார்: காந்தம் கொண்டுவந்து முழு நீளத்துக்கும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் இரண்டு இடம் இழுக்கிறது, செல் குண்டுத் துண்டு. அப்படியே மில்லுக்குக் கொண்டுபோனால் மரம் அரிகிற வாள் பட்டை அறுந்து பறக்கும். எனக்குப் போன வருசம் வேறொரு மரத்தில் நடந்தது. உளியால் கிண்டி எடுத்துவிட்டுத்தான் அரிய வேண்டும். ஒன்று கூரைக்கு, ஒன்று அரிந்து சாமான் தட்டுக்கு. புதிதாகப் பனை தறிக்க அனுமதி எடுக்கிற அலைச்சலும் இல்லை.

சின்ன மாமா: நிலம் உயர்ந்தால் பின்பக்கக் கூரை தலையில் இடிக்கும். ஒரு வரிசைக் கல் கூட்டி, அஸ்பெஸ்ரஸைக் கழற்றிப் பழைய ஓடு போடுவோம். 250 ஓடு போதும், பரந்தனில் ஒருவரிடம் கிடக்கிறது.

தர்சன்: அஸ்பெஸ்ரஸில் கவனம் சித்தப்பா. வாளால் வெட்டக்கூடாது, சுத்தியலால் உடைக்கக்கூடாது. தண்ணி தெளித்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீற்றாக இறக்க வேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. முகக்கவசம் நான் கொண்டுவருகிறேன். கூட்டி அள்ளிக் கிணற்றடியில் போட்டுவிடாதீர்கள்.

அம்மா (குரல் பதிவு): எல்லாம் சரி. விறகடுப்பைக் கழற்றிப்போட்டு காஸ் மட்டும் வைக்கலாம் என்று ஒருவரும் வரக்கூடாது. 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதை நான் மறக்கவில்லை. அனகி மண் அடுப்பு ஒன்று கட்டித் தாருங்கள், இரண்டு பானைக்கு ஒரு விறகு காணும். புகைக்கூடு நேராகப் போகட்டும்.

அண்ணா: அப்போ என் மூங்கில்?

நான்: அண்ணா, உள் அறை 9க்கு 8, 72 சதுர அடி. வெள்ளமும் ஏறாத இடம். தர்சன் நேற்று அங்கேயும் பொலித்தீன் ஒட்டினான், இன்று காலை ஒரு துளி இல்லை. பிள்ளைகள் படிக்கிற அறையாக்குவோம். கழிவையும் சேர்த்து 80 அடி போனால், மிச்சம் 52. அதில் குசினி மேல்தட்டு அலுமாரிக்குக் கதவு செய்யலாம், அங்கே தண்ணி படாது.

தர்சன்: ஆனால் முறைப்படி. பெட்டிகளைத் திறந்து மூன்று நாள் அந்த அறையிலேயே படுக்க வைக்க வேண்டும், அறைக் காற்றுக்குப் பழகட்டும். கீழே பொலித்தீன். சுவரோரம் சுற்றிவர 12 மில்லிமீற்றர் இடைவெளி. மாரியில் விரிகிற பலகை அந்த இடத்துக்குள் போகும். இடைவெளியை மறைக்கிற சட்டத்தைச் சுவரில் அடியுங்கள், பலகையில் அடித்துவிடாதீர்கள்.

ஓடாவியார்: விளங்குது தம்பி. கதவு நிலைக்குக் கீழும் அந்த இடைவெளி வேண்டும். அங்கேதான் எல்லோரும் மறக்கிறார்கள்.

அம்மா (குரல் பதிவு): தம்பி, நீ மனவருத்தப்படாதே. வீட்டுத்திட்டப் படத்தில் அந்த அறைதானே குசினி. நீ குசினிக்குத்தான் மூங்கில் போட்டிருக்கிறாய்.

அண்ணா: 😄 ஓம் அம்மா. ஓடாவி அண்ணைக்குக் காசு நாளைக்கு அனுப்புகிறேன். மாமா, கணக்கை எழுதி வையுங்கள், இந்த முறை கொப்பியில்.

புரட்டாதி, இரண்டாவது சனி

நான்: 📷 படம் 📷 படம் 📷 படம்
சிவப்பு நிலம் காய்ந்துவிட்டது. அம்மா பொச்சோடு இருந்து தேய்க்கிறா, ஒருவரையும் கிட்ட விடவில்லை. பனந்தட்டில் இரண்டு குழி இருக்கிறது, செல் துண்டு கிண்டின இடம். ஓடாவி அண்ணை மரத்தூளும் பசையும் வைத்து அடைக்கக் கேட்டார். அம்மா வேண்டாம் என்றுவிட்டா. ஒன்றில் தீப்பெட்டி வைத்திருக்கிறா.

வவுனியா மாமி: படிக்கிற அறை பளிச்சென்று இருக்கிறது. தர்சன், எங்கள் குழாய்?

தர்சன்: நாளைக்கு அம்மா.

அண்ணா: அந்த மாதிரித் துண்டு எங்கே? ஞாபகத்துக்கு வைத்திருங்கள்.

நான்: மா அலுமாரி புது நிலத்தில் கொஞ்சம் ஆடியது. ஒரு காலுக்குக் கீழே முண்டு கொடுத்திருக்கிறோம். வீங்கின பக்கம் சரியாகப் பொருந்துகிறது.