பேலர் ஷாஃப்ட்ல கிராஸ் நிக்கவே மாட்டேங்குது, எதை வாங்கலாம்?

வணக்கம் அண்ணே, தம்பிகளா. மன்னார்குடி பக்கம் 50 எச்.பி. டிராக்டர்ல ரவுண்ட் பேலர் போட்டு வைக்கோல் கட்டுறேன். சம்பா அறுப்பு ஆரம்பிச்சு மூணே வாரம், டிராக்டர் சுழற்சியை பேலருக்குக் கொண்டு போற பி.டி.ஓ. ஷாஃப்ட்ல, மடங்குற மூட்டுல இருக்குற சிலுவைக் கட்டை, அதான் கிராஸ், ரெண்டாவதும் போயிடுச்சு. கழட்டினா ஊசி பேரிங் செங்கப்பொடி மாதிரி கையில கொட்டுது. கிரீஸ் தினமும் காலையில அடிக்கிறேன், அதுல குறையில்ல.

தப்பு எங்க மேலயும் இருக்கு. வரப்போரம் பி.டி.ஓ.வை நிறுத்தாமலே ஒடிச்சுத் திருப்புவோம், கடகடன்னு கத்தும். ஷியர் போல்ட் அடிக்கடி அறுந்துச்சுன்னு டிரைவர் தம்பி லேசுல அறுகாத ஹைடென்சில் போல்ட்டை மாட்டியிருந்தான். அறுந்து மத்ததைக் காப்பாத்தத்தானே அந்த போல்ட்டே! அதை மாத்திட்டேன்.

இப்ப முழு ஷாஃப்டும் புதுசா வாங்கணும். 540 ஆர்.பி.எம்., டிராக்டர் பக்கம் 6 ஸ்ப்ளைன் (பல் வரி). முக்கோணக் குழாயா, எலுமிச்சை வடிவக் குழாயா, எது தாங்கும்? பனி ஈர வைக்கோல் அடைச்சா லோடு மீறினா வழுக்கி விடுற ஸ்லிப் கிளட்ச் சமாளிக்குமா? ஒடிச்சுத் திருப்பினாலும் சுத்துற வைட் ஆங்கிள் ஜாயிண்ட் போட்டவங்க இருந்தா, போட்ட காசுக்கு உழைக்குதான்னு சொல்லுங்க. கவர் இல்லாத ஷாஃப்ட் மட்டும் வேணாம், போன மாசம் கைலி நுனி சுத்தப் பாத்துச்சு.

கிராஸ் சைஸ் சொல்றவங்க கப் (ஊசி பேரிங் இருக்குற மூடி) விட்டத்தையும் சேர்த்துப் போடுங்க.