ஜீனோ வெறும் நாயா?

கெடிலக்கரை:
மனிதன் மனிதனைத் தாண்டிப் போகும் எதிர்காலம் பற்றித் தமிழில் உருப்படியாக ஒரு அறிவியல் புனைகதைகூட இல்லை என்று நேற்று முத்தியால்பேட்டை நண்பர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' என்ன, சமையல் குறிப்பா?

முத்தியால்பேட்டை:
ஜீனோ ஓர் இயந்திர நாய். கதாநாயகி நிலா மனுஷியாகவேதான் இருக்கிறாள். மனிதன் எங்கே மாறுகிறான்? ஆங்கில எழுத்தாளர் ஸ்டேபிள்டன் 1930-லேயே ஒரு நாவலில் 200 கோடி ஆண்டுகளுக்கு 18 மனித இனங்களை எழுதிவிட்டார். அதைப் படியுங்கள் என்றேன், தப்பா?

கெடிலக்கரை:
அந்த நாய் புத்தகம் படிக்கிறது, மனிதர்களோடு வாதாடுகிறது. கதையில் வரும் நாட்டிலோ ஆட்களின் பெயருக்கு இரண்டே எழுத்து, பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும். மனிதன் சுருங்கச் சுருங்க இயந்திரம் வளர்கிறது. அது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

முத்தியால்பேட்டை:
வளர்வது நாய். நான் கேட்டது மனிதன்.

வடலூர்வாசி:
வெளிநாட்டுக் கதை எதற்கு? மரணமிலாப் பெருவாழ்வு என்று பாடிய வள்ளலார் 1874-ல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போனவர், வெளியே வரவில்லை. அழியாத உடம்பு பற்றி நம் கடலூர் மண் எப்போதோ பேசிவிட்டது.

முத்தியால்பேட்டை:
அப்படியானால், மனிதன் பரிணாமத்தின் கடைசிப் படி இல்லை என்று அரவிந்தர் எங்கள் புதுச்சேரியில் இருந்துதான் எழுதினார். 1968-ல் ஆரோவில்லும் வந்தது.

கெடிலக்கரை:
ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம். அதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். வடலூர்வாசி ஐயா, அது பக்தி. நாங்கள் பேசுவது கதை.

வடலூர்வாசி:
பக்தி என்று ஓரமாக வைக்க நீங்கள் யார்? போன தைப்பூசத்தின்போதும் இதே பேச்சுதான் பேசினீர்கள். நான் மறக்கவில்லை.

கெடிலக்கரை:
மறக்க வேண்டாம். எனக்கும் ஞாபகம் இருக்கிறது. முத்தியால்பேட்டைக்காரர் என்னிடம் வாங்கிப்போன இரண்டாம் பாகம் 'மீண்டும் ஜீனோ' ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. நான் 40-ஆம் பக்கத்தில் வைத்த பஸ் டிக்கெட் அப்படியே அங்கேயே இருந்தது. படிக்காமல்தான் நாய், நாய் என்கிறார்.

முத்தியால்பேட்டை:
முழுதும் படித்தேன். டிக்கெட்டைத் திரும்ப அதே இடத்தில் வைத்தது மரியாதைக்காக. படித்த பிறகும் சொல்கிறேன், நாய்தான்.

கெடிலக்கரை:
சரி, 41-ஆம் பக்கத்தில் என்ன நடக்கிறது, சொல்லுங்கள். ராத்திரி பத்து மணிவரை இங்கேயே இருக்கிறேன்.