எதிர்வெயிலில் பாம்புத்தாரா: ஃபிளாஷ் போட்டால் எடுபடுமா?

கரையோரம்:
காரைக்குடிக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர்க் கண்மாய். கரை கிழக்கே இருக்கிறது, வேலை முடிந்து ஐந்து மணிக்குப் போனால் வெயில் நேரே மூஞ்சியில் அடிக்கும். நேற்று ஒரு பாம்புத்தாரா, தண்ணீருக்குள் நிற்கும் கருவேலங்கிளையில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. படத்தில் பார்த்தால் அடுப்புக்கரி. எக்ஸ்போஷரைக் கூட்டினால் பறவை தெரிகிறது, ஆனால் தண்ணீரின் மினுமினுப்பெல்லாம் வெளுத்து சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிறது. 400 எம்எம் லென்ஸ், துவாரம் எஃப் 5.6, பறவை 25 மீட்டரில். கையில் இருக்கும் ஃபிளாஷின் கைடு நம்பர், அதாவது அதன் பலத்தைச் சொல்லும் எண், 60. எட்டுமா?

பழைய நிக்கான்:
கணக்குப் போடுங்கள் தம்பி. 60-ஐ 5.6-ஆல் வகுத்தால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100-க்குப் பத்தரை மீட்டர் சொச்சம், ஐஎஸ்ஓ 400 வைத்தால் 21. ஆனால் உங்களுக்கு முழு வெளிச்சம் வேண்டாம், நிழலைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும், ஃபிளாஷை மைனஸ் 2-ல், அதாவது தேவையான வெளிச்சத்தில் கால்வாசி போதும் என்று வைத்தால் 40 மீட்டர் வரைகூட தாங்கும். சிக்கல் ஷட்டரில்தான். ஃபிளாஷ் சாதாரணமாக ஒத்துப்போவது 1/250 நொடி வரைதான், ஐந்து மணி வெயிலுக்கு அந்த வேகம் பத்தாது, அதைத் தாண்டினால் ஃபிளாஷ் விட்டுவிட்டுத் துடிக்கும் ஹை ஸ்பீட் சிங்க், அதில் ஃபிளாஷின் பலத்தில் பெரும்பகுதி போய்விடும். பொழுது பனை உயரத்துக்கு இறங்கட்டும், 1/250-லேயே எடுக்கலாம். தண்ணீருக்கு எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, பறவையை ஃபிளாஷிடம் விடுங்கள்.

ஊருணித் தவளை:
தூரம் பத்தவில்லை என்று யாராவது ஃபிளாஷுக்கு முன்னால் மாட்டுகிற ஃபிரெனல் லென்ஸை வாங்கச் சொல்வார்கள். நல்ல சாமான்தான், ஆனால் எதிர்வெயிலில் ஜாக்கிரதை. டிரைபாடில் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்தால் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை, ஃபிளாஷ் முகப்பில் மிளகு அளவுக்குப் பொத்தல். சின்ன வயதில் பூதக்கண்ணாடியில் காகிதம் பொசுக்கினோமே, அதே வேலைதான். எடுக்காத நேரத்தில் ஒரு துண்டைப் போட்டு மூடி வையுங்கள்.

வேட்டங்குடிக்காரன்:
எனக்கு இந்த ஃபிளாஷ் சமாச்சாரமே பிடிக்காது. எங்கள் பக்கம் பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. கூடு வைத்திருக்கிற இடத்தில் தயவுசெய்து வேண்டாம், இருட்டின பிறகு வக்கா (இராக்கொக்கு) முகத்திலும் அடிக்காதீர்கள். கரை கிழக்கே என்றால் காலை ஆறரைக்குப் போங்கள், வெயில் உங்கள் முதுகில் இருக்கும். அதுவும் பாம்புத்தாராவை ஏன் வெளிச்சம் போட்டுக் கெடுக்க வேண்டும்? அந்தக் கழுத்துக்கு நிழலுருவம்தான் அழகு.

கரையோரம்:
நன்றி அண்ணே. இன்று ஆறு மணிக்கு மைனஸ் 2-ல் நாலே படம் எடுத்தேன், பறவை அசையவில்லை. முதுகு இறகில் வெள்ளிக் கோடுகள் தெரிகின்றன. கண் மட்டும் எவர்சில்வர் குண்டு மாதிரி மின்னுகிறது, அதற்கு என்ன செய்ய?

பழைய நிக்கான்:
ஃபிளாஷ் லென்ஸுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பிராக்கெட் மாட்டி ஒரு சாண் மேலே தூக்குங்கள்.