எம்எக்ஸ்-5 வாங்கலாமா? குடும்பக் குழுவில் ஓடிய பேச்சு

கார்த்திக் (குரோய்டன், லண்டன்): மணி மாமா, கார் பட்டறை வைத்திருக்கிற உங்களிடம்தான் கேட்க வேண்டும். நானும் திவ்யாவும் ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கலாம் என்று இருக்கிறோம். பழைய வண்டிதான். 2016 மாடல், 2.0 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், துணிக் கூரை. 58,000 மைல் ஓடியிருக்கிறது. வேலைக்கு இருவரும் ரயிலில் போகிறோம், வார இறுதிக்கு மட்டும்தான் வண்டி. படம் கீழே.

[4 படங்கள்]

பெரியப்பா (மதுரை): சிவப்பு நிறம் அருமையாக இருக்கிறது தம்பி. மாஸ்டா என்றால் எனக்கு ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான் ஞாபகம். அந்தக் கம்பெனியா?

மணி மாமா (ரெடிங்): அதே ஜப்பான் கம்பெனிதான் அத்தான். அந்தக் காலத்தில் பஞ்சாபில் கூட்டுச் சேர்ந்து வேன் செய்தார்கள். இவர்களுடைய கார் நம் ஊரில் விற்பதில்லை, அதனால் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்த எம்எக்ஸ்-5 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் முதலில் வந்தது. 2016இல் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது இதுதான், கின்னஸிலும் இருக்கிறது.

பெரியப்பா: இரண்டே பேர் உட்கார்கிற காரா அத்தனை விற்றது?

மணி மாமா: ஆமாம் அத்தான். விலை கையைக் கடிக்காது, எஞ்சினும் லேசில் மக்கர் பண்ணாது. அதுதான் காரணம்.

கார்த்தி, படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நம்பர் பிளேட்டை எனக்குத் தனியாக அனுப்பு, குழுவில் போடாதே.

கார்த்திக்: அனுப்பிவிட்டேன் மாமா. மற்ற இடங்களைவிட விலை ஆயிரம் பவுண்டு குறைவு.

உமா அக்கா (மில்டன் கீன்ஸ்): நான் ஆர்எஃப் வைத்திருக்கிறேன், இதே கார்தான், ஆனால் மடங்குகிற கெட்டிக் கூரை. ஓட்டிய வரைக்கும் சொல்கிறேன். கிராமத்துச் சாலையில் போகும்போது இதைப்போல சந்தோஷம் தருகிற வண்டி நான் ஓட்டியதில்லை. ஆனால் மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் இரண்டு மணி நேரம் போனால் காதுக்குள் இரைச்சல் தங்கிவிடும். கெட்டிக் கூரையிலேயே இப்படி என்றால் துணிக் கூரையில் இன்னும் கொஞ்சம் கூடத்தான் கேட்கும். கார்த்திக், நீ ஆறடி. ஒருதடவை உட்கார்ந்து பார்க்காமல் பணம் கட்டாதே.

திவ்யா: அக்கா, டிக்கியில் என்ன வைக்கலாம்?

உமா அக்கா: 130 லிட்டர். விமானத்தில் கையோடு கொண்டுபோகிற பெட்டி இரண்டு வைக்கலாம், அவ்வளவுதான். முன்னால் டேஷ்போர்டில் சாமான் வைக்கிற பெட்டி கிடையாது. இருக்கைகளுக்கு நடுவில் பின்பக்கம் ஒரு மூடி இருக்கிறது, பர்ஸ், கண்ணாடி எல்லாம் அதில்தான். ஸ்டெப்னியும் கிடையாது, டயர் ஒட்டுகிற மருந்தும் காற்றடிக்கிற பம்பும் தருவார்கள்.

திவ்யா: இரண்டு நாள் டெவன் போய் வர அது போதும். பாதுகாப்பு எப்படி?

மணி மாமா: 2015இல் யூரோ என்கேப் என்கிற மோதல் பாதுகாப்புச் சோதனையில் 5க்கு 4 நட்சத்திரம் வாங்கியது. இந்த அளவுக் காருக்கு மோசமில்லை. ஆனால் பின்சக்கரத்தால் ஓடுகிற வண்டி. மழை பெய்த ரவுண்டபவுட்டில் வளையும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் வால் விலகும். அதற்குத் தடுக்கிற மின்னணு ஏற்பாடு இருக்கிறது, இருந்தாலும் டயர் நல்லதாக இருக்க வேண்டும். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே ரகம். நான்கு டயரும் நான்கு பெயரில் இருந்தால், வைத்திருந்தவர் எதையும் தள்ளிப்போட்டே காலம் ஓட்டினவர் என்று எடுத்துக்கொள்.

கார்த்திக்: 2.0 எடுப்பது சரிதானே மாமா? 160 குதிரைத் திறன். 1.5 லிட்டரில் 131தான் வருகிறது.

மணி மாமா: இதைத்தான் உன்னிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நினைத்தேன். இங்கேயே எழுதுகிறேன்.

இந்தக் காரின் உயிர் எஞ்சினில் இல்லை, எடையில் இருக்கிறது. ஒரு டன்னைச் சுற்றித்தான் எடை. முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதி. நீளம் 4 மீட்டருக்கும் குறைவு. அதனால்தான் ஸ்டியரிங்கைத் திருப்பிய அந்த நொடியே மூக்கு திரும்புகிறது, பிரேக் தொட்டதும் நிற்கிறது. வேகத்துக்காக வாங்குகிற வண்டி என்றால் இதைவிட வேகமான குடும்பக் கார்கள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. 60 மைல் தொட 1.5க்கு எட்டு நொடிக்கு மேல் ஆகும், 2016 மாடல் 2.0க்கு ஏழு நொடிக்கு மேல். ஒரு நொடிதான் வித்தியாசம்.

1.5 எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுற்று வரைக்கும் தயக்கமில்லாமல் ஏறும். அதை முழுதாகப் பிழிந்து ஓட்டினாலும் லைசென்ஸ் பத்திரமாக இருக்கும். 16 அங்குலச் சக்கரம், டயர் விலையும் குறைவு, மேடு பள்ளத்தில் அடியும் குறைவு. 2.0 மேனுவலில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வருகிறது, வளைவில் பின்சக்கரம் இரண்டும் சேர்ந்து பிடிக்கும், அது நல்ல சாமான், இல்லை என்று சொல்ல மாட்டேன். மேடு ஏறும்போதும் கியர் மாற்றாமல் இழுக்கும். ஆனால் ஆரம்ப வருட 2.0 வண்டிகளில் கியர்பாக்ஸ் போனது என்று வைத்திருந்தவர்கள் நிறையப் பேர் சொன்னார்கள். பின்னால் கம்பெனியே உள்பாகங்களைத் திருத்தியது. நீ பார்க்கிற 2016 அந்தக் கூட்டத்தில்தான் வருகிறது.

2.0தான் வேண்டும் என்றால் 2018 கடைசியில் வந்த 184 குதிரைத் திறன் எஞ்சினுக்குக் காத்திரு. அப்போதுதான் எம்எக்ஸ்-5இல் ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் இழுத்து வைக்கிற வசதியும் வந்தது. அதற்கு முன் மேலும் கீழும் மட்டும்தான். ஆறடி ஆளுக்கு அது பெரிய விஷயம்.

உமா அக்கா: ஸ்டியரிங் பற்றி மாமா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

கார்த்திக்: ஆபீஸ் நண்பர் ஒருவர் 2002 மாடலை விற்கிறார். இதில் கால் பங்கு விலைகூட இல்லை. அதைப் பார்க்கலாமா?

மணி மாமா: வேண்டாம். குரோய்டனில் இருந்துகொண்டு அதை எடுக்கவே கூடாது. 2023 ஆகஸ்டிலிருந்து லண்டன் முழுக்க யூலெஸ், அதாவது புகை அதிகம் விடுகிற வண்டிக்குக் கட்டணம். யூரோ 4 புகைத் தரத்துக்குக் கீழே இருக்கிற பெட்ரோல் வண்டிக்கு, ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. 2006க்குப் பிந்தியவை பொதுவாகத் தப்பித்துவிடும், அந்த வண்டி தப்புமா என்பது சந்தேகம்தான். அது போகட்டும், அந்தத் தலைமுறையில் முன்பக்கச் சட்டமே உள்ளே அரித்துவிடும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்.

சரி, நீ அனுப்பிய நம்பரை அரசாங்க இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். எம்ஓடி, அதாவது வருடாந்தரத் தகுதிச் சோதனை, அதன் வரலாறு முழுவதும் இலவசமாகக் கிடைக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மைல் கணக்கு ஒழுங்காக ஏறியிருக்கிறது. ஆனால் கடைசி இரண்டு எம்ஓடியிலும் பின்பக்க சப்ஃப்ரேமில் (சக்கரங்களைத் தாங்குகிற அடிச்சட்டம்) துரு என்று எழுதியிருக்கிறார்கள். ஃபெயில் ஆகவில்லை, எச்சரிக்கை மட்டும்தான். ஆயிரம் பவுண்டு குறைவு ஏன் என்று இப்போது தெரிகிறதா?

கார்த்திக்: விற்கிறவர் அதைச் சொல்லவே இல்லை மாமா. 2016 வண்டியில் இதற்குள்ளேயே துரு பிடிக்குமா?

மணி மாமா: இந்த நாட்டில் பிடிக்கும். பனிக்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு அடியில் ஒட்டிக்கொண்டு ஈரத்தை விடாது. கடற்கரை ஊரில் நின்ற வண்டி என்றால் இன்னும் மோசம். எம்எக்ஸ்-5க்குக் கூடுதலாக ஒரு வழி இருக்கிறது. துணிக் கூரையில் விழுகிற மழைத்தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் துளை வழியாகக் கீழே இறங்க வேண்டும். இலைக் குப்பை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும். கதவுக்குக் கீழே இருக்கிற சட்டத்தை உள்ளிருந்தே தின்னும். மரத்தடியில் நின்ற வண்டியா என்று கேட்க வேண்டும் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

எஞ்சினைப் பற்றி நான் கவலைப்படவே மாட்டேன். டர்போ கிடையாது, நேரத்துக்கு ஆயில் மாற்றினால் ஓடிக்கொண்டே இருக்கும். அடிப்பக்கம்தான் எல்லாம். லிஃப்டில் ஏற்றிப் பார்க்க விடாதவரிடம் வாங்கவே கூடாது.

திவ்யா: போய்ப் பார்க்கும்போது நாங்களே என்னென்ன பார்க்கலாம் மாமா?

மணி மாமா: எஞ்சின் ஆறியிருக்கும்போது முதல் ஸ்டார்ட் உங்கள் முன்னால்தான் நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிரில் 2ஆவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அது இந்த வண்டியின் சுபாவம். சூடான பிறகும் கரகரவென்றால் திரும்பி வந்துவிடுங்கள். கம்பளத்தின் அடியில் கைவிட்டுப் பாருங்கள், ஈரம் தெரியும். கூரையை நீங்களே கையால் திறந்து மூடுங்கள், உட்கார்ந்தபடியே ஒரு கையால் முடிய வேண்டும். துணியில் மடிப்பு விழுகிற இடத்தில் தேய்ந்திருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. முன்னால் யார்மீதாவது மோதினால் அடிபட்டவர் தலைக்கு எஞ்சின் படாமல் இருக்க, பானெட் ஒரு சின்ன வெடிவிசையால் தானாக மேலே எழும். அது ஒருதடவை வேலை செய்துவிட்டால் பாகங்களை மாற்றத்தான் வேண்டும், செலவு அதிகம். பானெட் இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா, பெரிய சேதமாகி இன்சூரன்ஸ் கைவிட்ட வண்டி என்பதற்கான ‘S’ அல்லது ‘N’ குறி இருக்கிறதா என்பதைக் காசு கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். பாக்கி இருந்தால் வண்டி பெரும்பாலும் கடன் கொடுத்தவருடையதாகவே இருக்கும், நீ கொடுத்த பணத்தைத் தேடி அலைய வேண்டி வரலாம்.

பெரியப்பா: இவ்வளவு பார்த்து வாங்கினால் நம் பிள்ளை ஏமாற மாட்டான். மணி சொல்வதைக் கேள் கார்த்தி.

கார்த்திக்: கேட்கிறேன் பெரியப்பா. மாமா, ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் 2019 மாடல் 1.5 ஒன்று இருக்கிறது. 31,000 மைல், ஒரே ஓனர், எம்ஓடியில் துரு என்று ஒரு வார்த்தைகூட இல்லை. சாம்பல் நிறம். 2019 என்பதால் ஸ்டியரிங்கும் முன்பின் வரும். விலைதான் 2,000 பவுண்டு கூடுதல்.

மணி மாமா: அந்த 2,000ஐக் கொடு. சப்ஃப்ரேமைக் கழற்றிச் சுத்தம் செய்து பூச்சு அடிக்கிற கூலியை நினைத்தால் அது பெரிய தொகை இல்லை. இன்சூரன்ஸ் விலையை இன்றைக்கே இரண்டு பேர் பெயரிலும் கேட்டுப் பார், 1.5க்குக் குறைவாகத்தான் வரும். வாங்கிய கையோடு அடியில் மெழுகுப் பூச்சு அடித்துவிடலாம், என் பட்டறையிலேயே.

திவ்யா: எனக்குச் சாம்பல் நிறமே பிடித்திருக்கிறது.

உமா அக்கா: கார்த்திக், சனிக்கிழமை நான் ஆர்எஃப் கொண்டுவருகிறேன். முதலில் அதில் உட்கார்ந்து, கூரையை மூடிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார். முட்டி இடித்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கார்த்திக்: சரி அக்கா. மாமா, விற்கிறவரிடம் பேசிவிட்டேன். எஞ்சினைத் தொடாமல் வைத்திருக்கச் சொன்னேன், பக்கத்து காரேஜில் லிஃப்டில் ஏற்றவும் சம்மதித்துவிட்டார். சனிக்கிழமை 11 மணி.

மணி மாமா: நல்ல ஆள். 10 மணிக்கு ரெடிங் ஸ்டேஷன் வந்துவிடு, அங்கிருந்து சேர்ந்து போவோம். முன்பணம் மட்டும் அதுவரை அனுப்பாதே.