கொரியத் தொடர்களில் உங்களை இன்னும் விடாத ஒரு காட்சி: பகிருங்கள்

உப்புக்காற்று:
'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' இப்போதுதான் முடித்தேன். 2025 மார்ச்சில் வந்தபோதே பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள், கதை சொல்லப் போவதில்லை. நாயகன் குவான்ஷிக் கப்பலிலிருந்து குதித்து நீந்தி வருவதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அதுவல்ல. தொடக்கத்திலேயே, நாயகி ஏசுன் சிறுமியாக அப்பா வழி உறவினர் வீட்டில் சாப்பிட உட்காருகிறாளே, மற்றவர்களுக்கெல்லாம் மீன், அவளுக்கு மட்டும் இல்லை, அந்த இடம்.

பள்ளிக்கூட விடுமுறைகளில் நான் தூத்துக்குடியில் அத்தை வீட்டில் இருப்பேன். நடுத்துண்டு அத்தான்களுக்கு. எனக்கு வால், இல்லையென்றால் வெறும் குழம்பு. கரண்டி என் தட்டுக்கு மேலே வந்து, ஒரு நொடி நின்று, பக்கத்துத் தட்டுக்குப் போகும்.

அத்தைக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது, என் வீட்டில்தான் இருக்கிறார். அந்தக் காட்சியை இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்கு ஒரு மீன் வைத்தால் என்ன குறைந்துவிடும், பாவிகள்" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அதில் ஒன்றுமில்லை. உண்மையாகவே அழுதார். மறந்துவிட்டாரா, அல்லது அது அவருக்குத் தவறாகவே பட்டதில்லையா? அன்றிலிருந்து இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

ரயிலடி:
அதே தொடர்தான், ஆனால் எனக்கு எரிச்சல். ஆண்கள் ஒரு மேசையிலும் பெண்கள் வேறு மேசையிலும் சாப்பிடும் வீட்டில், குவான்ஷிக் முதுகைத் திருப்பிக்கொண்டு மனைவி பக்கம் உட்காருவான், நினைவிருக்கிறதா? என் மனைவி அந்த இடத்தில் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் சாப்பிட்ட தட்டு மேசையிலேயே கிடந்தது. படம் உறைந்து நிற்கிறது, அவன் முதுகு தெரிகிறது, நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். திரும்பி வந்த பிறகுதான் தொடர் ஓடியது.

இருந்தாலும் கேட்கிறேன், இப்படி ஒரு ஆண் உண்டா? எழுதிய இம் சாங்சுன் உலகத்து நல்ல குணத்தையெல்லாம் ஒருவன் தலையில் கட்டிவிட்டார். மிச்சமிருந்த கெட்ட குணம் படகுக்காரன் சாங்கிலுக்குப் போய்விட்டது. இதே இயக்குநர் கிம் வொன்சோக் 2018இல் எடுத்த 'மை மிஸ்டர்' பாருங்கள். அதிலும் இதே நடிகை ஐயூதான். பார்க் தோங்ஹூன் என்ற கட்டடப் பொறியாளர் நல்லவன்தான், ஆனால் களைத்தவன். வீட்டில் பேசாதவன். மனைவி ஏன் விலகிப் போனாள் என்பது அவனைப் பார்த்தாலே புரியும். அவன் மனிதன். குவான்ஷிக் சாமி படம்.

மஞ்சள்பூசணி:
ரயிலடி, தட்டைக் கழுவியதற்கு இவ்வளவு நீளமான புகாரா?

எனக்கு 'ரிப்ளை 1988', முதல் பகுதி. நடுப்பெண் தோக்சுனுக்குத் தனியாகப் பிறந்தநாள் கிடையாது, அக்கா கேக்கிலேயே மெழுகுவத்தியை மறுபடி ஏற்றிக் கொண்டாடிவிடுவார்கள். ஒருநாள் வெடித்துவிடுவாள். முட்டைப் பொரியல் ஏன் அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டும், கோழிக்கால் ஏன் அவர்களுக்கு மட்டும், எனக்கும் கோழிக்கால் தின்னத் தெரியும் என்று கத்துவாள். நானும் மூன்று பேரில் நடு. அந்தக் கத்தல் எனக்குள் அப்படியே இருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை.

ஆனால் எல்லாரும் உருகும் அடுத்த காட்சியில்தான் எனக்குக் கோபம். அப்பா சின்ன கேக் வாங்கி வந்து தெருவில் உட்கார்ந்து, நானும் அப்பாவாக இருப்பது இதுதான் முதல் தடவை என்பார். அழகான வசனம்தான். நடந்தது எல்லார் முன்னாலும் சாப்பாட்டு மேசையில். மன்னிப்பு மட்டும் இருட்டில், வெளியே, யாருக்கும் தெரியாமல். மறுநாள் காலை முட்டை யாருக்குப் போனது என்று எனக்குக் காட்டுங்கள், பிறகு அழுகிறேன். என் தங்கையிடம் இதைச் சொன்னேன். "நீ எதையும் ரசிக்கவே மாட்டாய்" என்றாள். அவள் கடைக்குட்டி.

சியோல் ஒலிம்பிக் அணிவகுப்பில் மடகாஸ்கர் நாட்டின் பெயர்ப்பலகையைப் பிடிக்க மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவளுக்கு, அந்த நாடே வராமல் போய்விடுமே, அதுவும் அவளுக்குத்தான் நடக்க வேண்டும். கடைசியில் உகாண்டா பலகை கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

நிதானம்:
எல்லாருடைய பதிவையும் படித்தேன். நானும் என் மனைவியும் ஓய்வுக்குப் பிறகு கொரியத் தொடர்கள் பார்க்கிறோம். ஏசுனின் அம்மா இறக்கும் இடத்தில் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள், நான் மட்டும் பார்த்து முடித்தேன்.

சில யோசனைகள். டேஞ்சரின்ஸின் 16 பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்ப்பது தவறு. நான்கு நான்காக நான்கு வாரம்தான் வெளியிட்டார்கள், காரணம் இருக்கிறது, வசந்தத்திலிருந்து குளிர்காலம் வரை பருவம் பருவமாகப் பிரித்திருக்கிறார்கள். வாரம் நான்கு, அதற்கு மேல் வேண்டாம். ஐயூ தாயாகவும் மகளாகவும் வருகிறார், வயதான ஏசுனாக மூன் சோரி வருகிறார், காலம் முன்னும் பின்னும் போகும், ஆகவே ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டாதீர்கள், அதற்குப் பார்க்காமலே இருக்கலாம். குரல்மாற்று வேண்டாம், மூல ஒலியில் எழுத்தைப் படித்துப் பாருங்கள், ஏசுனின் அம்மாவாக வரும் யோம் ஹேரானின் குரலை இழந்தால் பாதித் தொடர் போயிற்று. ஜேஜு தீவில் மூச்சடக்கி மூழ்கும் பெண்களைப் பற்றி முன்பே கொஞ்சம் படியுங்கள். 2016இல் யுனெஸ்கோ அந்தப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. காற்றுக்குழாய் இல்லை, தொட்டி இல்லை, மூச்சை மட்டும் நம்பி இறங்குகிறார்கள். அது தெரிந்தால்தான், அப்படி மூழ்கும் அம்மாவின் ஒருநாள் கூலியைத் தானே கொடுத்து அவளுக்கு ஒருநாள் ஓய்வு வாங்க ஆசைப்படும் சிறுமி ஏசுனின் கவிதை புரியும். 1997 நிதி நெருக்கடி பற்றியும் ஒரு பக்கமாவது படிக்க வேண்டும், மகள் வேலை இழப்பது அதனால்தான். புதிதாகத் தொடங்குபவர்கள் இதில் தொடங்காமல் 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ'வில் தொடங்கலாம். பெரும்பாலும் பகுதிக்கு ஒரு வழக்கு, சுமை குறைவு.

உப்புக்காற்று, நீங்கள் அத்தையிடம் மனம் விட்டுப் பேசிவிடுவது நல்லது. சாயங்கால நேரம், தேநீர் கொடுத்து, குற்றம் சாட்டாத குரலில் தொடங்குங்கள். பேசினால் பாரம் குறையும்.

கிழக்குக்கரை:
மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். என் அண்ணன் மொழித் தேர்வு எழுதித் தொழிலாளர் ஒப்பந்தத்தில் கொரியாவுக்குப் போனவன். விடுமுறையில் வந்திருந்தபோது 'ஸ்க்விட் கேம்' போட்டேன், 2021இல் வந்த முதல் பருவம். பாகிஸ்தானிலிருந்து வந்த தொழிலாளி அலி சம்பளப் பாக்கி கேட்டு முதலாளியிடம் போகும் காட்சி. ஆறு மாதச் சம்பளம். இல்லை, இல்லை என்கிறான் முதலாளி. அலி பறித்துக்கொண்டு ஓடும் உறையைப் பார்த்தவுடன் அண்ணன் எழுந்து முற்றத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான். என்ன என்று கேட்டதற்கு, "வெயில்" என்றான். இரவு எட்டு மணி.

அந்த விசாவில் முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேலையிடம் மாறுவது எளிதல்ல. அது தெரியாதவர்களுக்கு, அலி ஏன் வேறு இடம் போகவில்லை என்று தோன்றும்.

தோற்றவன் சாக வேண்டிய கோலிக்குண்டு விளையாட்டில், கூட்டாளி சாங்வூ அலியை ஏமாற்றி, கோலிகளுக்குப் பதில் பையில் கூழாங்கல்லை வைத்துக் கொடுப்பான். உலகமே அதற்கு அழுதது. அண்ணன் அழவில்லை. "பையைத் திறந்து பார்க்காமல் இருப்பானா? அங்கே மூன்று மாதம் வேலை செய்தவன் சம்பளச் சீட்டை மூன்று தடவை எண்ணுவான்" என்றான். நடித்தவர் அனுபம் திரிபாதி டெல்லிக்காரர், கொரியாவிலேயே நடிப்புப் படித்தவர், மிக நன்றாகச் செய்திருக்கிறார், அவர் மேல் குறையில்லை. எழுதியவர் மேல்தான். வெளிநாட்டுத் தொழிலாளி என்றால் அப்பாவியாக இருந்தால்தான் இரக்கப்படுவார்களா? ரயிலடி அண்ணா, நீங்கள் சாமி படம் என்றது குவான்ஷிக்கை விட அலிக்குத்தான் பொருந்தும். குவான்ஷிக்காவது பிள்ளைகள் வளரும் வரை வாழ்ந்தான்.

ரயிலடி:
கிழக்குக்கரை, ஒப்புக்கொள்கிறேன். சாங்வூவுக்கு ஊர், அம்மா, கடன், பட்டம் எல்லாம் கொடுத்தார்கள். அலிக்கு ஒரு மனைவி, கைக்குழந்தை, பணிவு. அவ்வளவுதான்.

மஞ்சள்பூசணி, முட்டை விஷயத்தில் அம்மாவை ஏன் விட்டுவிட்டீர்கள்? பொரித்துப் போட்டது அவர்தானே.

பனித்துளி:
சாப்பாட்டிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். 'அவர் அன்ரிட்டன் சியோல்', 2025. இரட்டையராக பார்க் போயோங். ஓட்டப்பந்தயக் கனவு காயத்தால் போனபின் மிஜி அறைக்குள் அடைந்துகொள்வாள், பாட்டி கதவுக்கு வெளியே இருப்பார். பிறகு, சிங்கத்துக்குப் பயந்து ஓடும் மானைக் கோழை என்பார்களா, உயிர் பிழைக்கச் செய்வதெல்லாம் போராட்டம்தான் என்ற பொருளில் பேசுவார்.

என் தம்பி நீட் முடிவுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டான். எங்கள் வீட்டிலும் கதவுக்கு வெளியே ஆட்கள் இருந்தார்கள், ஆனால் அந்தப் பாட்டி பேசியதை ஒருவரும் பேசவில்லை. அப்பா, "பக்கத்து வீட்டுப் பையன் இரண்டாவது தடவையில் வாங்கிவிட்டான்" என்று கதவைப் பார்த்துச் சொன்னார், நல்லெண்ணத்தோடு. நான் அந்தக் காட்சியை மட்டும் வெட்டிக் குடும்பக் குழுவில் போட்டேன். அப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். பார்த்தாரா என்று தெரியவில்லை.

உப்புக்காற்று:
நிதானம் ஐயா, தேநீர் யோசனைக்கு நன்றி. கேட்கப் போவதில்லை. எண்பது வயதில் அவர் "ஆமாம்" என்றால் நான் என்ன செய்வேன், "இல்லை" என்றால் என்ன செய்வேன்?

பனித்துளி, தம்பி இப்போது எப்படி இருக்கிறான்?

பனித்துளி:
வெளியே வருகிறான். தொடர் பார்ப்பதில்லை, கிரிக்கெட் பார்க்கிறான்.

நிதானம்:
ஒன்று விட்டுப்போயிற்று. 'ரிப்ளை 1988' மொத்தம் 20 பகுதிகள், பல பகுதிகள் ஒன்றரை மணி நேரத்தைத் தொடும். இரவு பத்துக்கு மேல் தொடங்காதீர்கள். பனித்துளி, தம்பிக்குத் தினமும் காலை நடை நல்லது.