உங்கள் வீட்டில் பேப்பர் எப்போது நின்றது?

புகளூர் ஏஜென்ட்:

கேள்வி, பேப்பரை நிறுத்திய வீடுகளுக்கானது. நான் போட்டவன், என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

விடியற்காலையில் வேனிலிருந்து கட்டு இறங்கியதும் தரையில் உட்கார்ந்து இணைப்புகளைச் செருகி, தெருவாரியாகப் பிரித்துப் பையன்களிடம் கொடுக்க வேண்டும். செல்போன்தான் பேப்பரை ஒழித்தது என்கிறார்கள். நான் கண்ட வரிசை வேறு. முதலில் பையன்கள் கிடைக்காமல் போனார்கள். படிப்புச் செலவுக்காகச் சைக்கிளில் பேப்பர் போட்ட பிள்ளைகளின் இடத்துக்கு ஆள் வரவில்லை. காலையில் டியூஷன், பிறகு பள்ளி வேன். எட்டு மணிக்குப் போய்ச் சேரும் பேப்பரை, ஆபீசுக்குக் கிளம்பி நிற்பவர் எப்போது படிப்பார்? அடுத்து, இரண்டு பேப்பர் வாங்கிய வீடுகள் ஒன்றைக் குறைத்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு, அந்த ஒன்றும் பல வீடுகளில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. ஆனாலும் சந்தா ஓடியது. 2020 மார்ச் ஊரடங்கில்தான் அறுந்தது. காகிதத்தில் கிருமி ஒட்டி வரும் என்று பயந்து, "ஒரு மாதம் போட வேண்டாம்" என்றார்கள். பெரியவர்கள் இருந்த வீடுகளும் டீக்கடைகளும் திரும்பக் கேட்டன. மற்றவர்களுக்கு அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

"நிறுத்திவிடுங்கள்" என்று முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். "ஊருக்குப் போகிறோம், வந்ததும் சொல்கிறோம்" என்பார்கள். மறுநாள் காலை அதே வாசலில் புதுக்கோலம் இருக்கும். நானும் பார்க்காதது போல் சைக்கிளை மிதிப்பேன்.

எங்கள் பக்கத்திலேயே காகித ஆலை இருக்கிறது. செய்தித்தாளுக்குக் காகிதம் வேண்டும் என்று, கரும்புச் சக்கையை நம்பி 1979-ல் அரசு தொடங்கிய நிறுவனம். இப்போது அங்கிருந்து கிளம்பும் லாரிகளில் பெரும்பாலும் எழுதுதாளும் நகல் தாளும்தான்.

சலிப்புச் சந்தாதாரர்:

ஏஜென்ட் ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் நான் நிறுத்தியதற்கு வைரஸும் காரணம் இல்லை, போனும் காரணம் இல்லை. முதல் பக்கம் ஜவுளிக்கடை. திருப்பினால் மனைப்பிரிவு. அதற்கும் பின்னால் இருக்கும் உண்மையான முதல் பக்கத்தில், முந்தைய இரவு டிவியில் பார்த்த அதே செய்தி. நடந்தது எனக்குத் தெரியும். ஏன் நடந்தது என்று எழுதுங்கள், இன்றைக்கே சந்தா கட்டுகிறேன்.

தாம்பரம் மகள்:

மேலே எழுதியவரோடு பாதி உடன்படுகிறேன். ஆனால் ஒரு நாள் எங்கள் தெருவைக் காப்பாற்றியது அந்தப் பேப்பர்தான்.

2018-ல் குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் சுற்றியது நினைவிருக்கும். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைக் கடத்தல்காரி என்று அடித்தே கொன்றார்கள். அதே நாட்களில் எங்கள் தெருவில் போர்வை விற்க வந்த வடநாட்டு இளைஞனைச் சிலர் மறித்து நிறுத்தினார்கள். அப்பா பேப்பரோடு இறங்கிப் போனார். "எந்த ஊரில், எந்தக் காவல் நிலையத்தில் வழக்கு? குழந்தை காணாமல் போனால் மாவட்டச் செய்தியில் ஒரு வரியாவது வராதா? காட்டுங்கள் பார்ப்போம்" என்றார். யாராலும் காட்ட முடியவில்லை. ஒருவர் மட்டும் "பேப்பர்காரன் மறைப்பான் சார்" என்றார். அந்த இளைஞன் அதற்குள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

அப்பா இப்போது டேப்லெட்டில் இ-பேப்பர் பார்க்கிறார். விரலால் பெரிதாக்கினால் ஒரு பத்தி தெரிகிறது, பக்கம் தெரிவதில்லை என்பது அவருடைய நிரந்தரப் புகார்.

யாழ்ப்பாணத்தான்:

எங்கள் கதை கொஞ்சம் வேறு. 1981-ல் யாழ் நூலகத்தை எரித்தபோது ஈழநாடு பத்திரிகை அலுவலகத்தையும் எரித்தார்கள். 1990-களின் பொருளாதாரத் தடையில் அச்சுத்தாள் வரவில்லை. கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அடித்தார்கள். மின்சாரம் இல்லாத வீட்டில், விளக்கடியில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். அதையெல்லாம் தாண்டி வந்த பழக்கம் இது. 2022 மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டால் தாள் இன்றித் தி ஐலண்ட், திவயின நாளிதழ்கள் அச்சுப் பதிப்பை இடைநிறுத்துவதாக அறிவித்தபோது, வீட்டில் பெரியவர்கள் அசையவே இல்லை. "இதையும் பார்த்தாயிற்று" என்றார்கள்.

ஆனால் மரண அறிவித்தல் இணையத்துக்குப் போனதும் பேப்பர் வாங்குவது குறைந்தது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும்போது, இங்கே அச்சாகும் அறிவித்தலை யார் பார்ப்பது? அம்மா இப்போது காலையில் முதலில் திறப்பது அந்த இணையத்தளத்தைத்தான்.

மதுரை சலூன்:

தினத்தந்தியை ஆதித்தனார் 1942-ல் தொடங்கியது எங்கள் ஊரில்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு எங்கள் பெஞ்சில் பலித்தது. விளையாட்டுப் பக்கம் ஒருவரிடம், சினிமாப் பக்கம் இன்னொருவரிடம் இருக்கும். நடுப்பக்கம் கிடைக்காதவர் பக்கத்தில் இருப்பவரின் தோளுக்கு மேல் எட்டிப் படிப்பார். தேர்தல் நேரத்தில் ஒருவர் உரக்கப் படித்தால், கத்தரிக்குக் கீழே தலையைக் கொடுத்தவரும் பதில் சொல்லுவார். காது பத்திரம் அண்ணே என்று நான்தான் அடக்க வேண்டியிருக்கும்.

இப்போது பெஞ்சில் இருப்பவர்கள் ஆளுக்கொரு போனைப் பார்க்கிறார்கள். ஒருவர் சிரிப்பது எதற்கென்று அடுத்தவருக்குத் தெரியாது. கட்சிக்காரர்கள் இருவர் அருகருகே உட்கார்ந்தும் சண்டை வருவதில்லை. என் தொழிலுக்கு அது வசதிதான், இல்லை என்று சொல்லவில்லை.

நான் பேப்பரை நிறுத்தவில்லை. படிக்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, ஷேவிங் நுரையைக் கத்தியிலிருந்து துடைக்கத் துண்டுக் காகிதம் வேண்டும். முன்பு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பழைய பேப்பர் சும்மாவே வரும். இப்போது அந்த வீடுகளில் பேப்பரே இல்லை. எடைக்கடையில் காசு கொடுத்து வாங்குகிறேன்.